நகராட்சி போட்ட துவைக்கிற கல்

கத்துவதற்கென்று எங்கள் ஊரில் ஓர் இடம் இருந்தது. நகராட்சி அலுவலகத்துக்கு எதிரே, சரளைக்கல்லும் புழுதியுமாகக் கிடந்த பொட்டல். யாருக்கு என்ன குறை வந்தாலும் நேரே அங்கே போய் நின்று கத்திவிட்டு வருவோம். மாடியில் கமிஷனரின் ஜன்னல் அந்தப் பக்கம்தான் திறக்கும். அவர் எங்கள் குறையைத் தீர்த்தாரா என்பது வேறு கதை. காதில் விழாத மாதிரி இருக்க முடியாது, எங்களுக்கு அது போதும். ஒரு நாள் வாத்தியார்கள், ஒரு நாள் பஸ் டிரைவர்கள், ஒரு நாள் எதற்கு வந்தோம் என்று அவர்களுக்கே தெரியாத நாலு பேர். கத்தி முடித்ததும் தொண்டை கட்டும், மனசு லேசாகும், அவரவர் வேலையைப் பார்க்கப் போவோம்.

கமிஷனருக்கு இது பொறுக்கவில்லை. தடை போட்டால் ஊர் வாயில் விழவேண்டும். அதனால் மனிதர் குறுக்கு வழியில் வந்தார். பொட்டலை அழகுபடுத்தப் போகிறேன் என்றார். அழகு வேண்டாம் என்று யார் சொல்வது? பெஞ்சு போட்டார்கள், பக்கத்தில் இருப்பவரோடு தோள் உரசாதபடி நடுநடுவே இரும்புத் தடுப்பு. செடி வைத்தார்கள், ஒதுங்கி நின்றால் சேலையைக் கிழிக்கிற முள் செடி. நடுவில் கல் பாவி, கல்லுக்குள்ளே துளை போட்டு நீரூற்று வைத்தார்கள். பட்டனைத் தட்டினால் தரை முழுக்கத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். கூட்டம் கூடினால் பட்டனைத் தட்டுவது. அழகின் சூட்சுமம் இவ்வளவுதான்.

போராடியே தீருவேன் என்பவர்களுக்கும் ஏற்பாடு செய்திருந்தார். ஊருக்கு வெளியே, குப்பைக் கிடங்குக்குப் பின்னால், கம்பி வேலி போட்டு ஒரு இடம். ஒருமுறை எங்கள் தெருவிலிருந்து போய்ப் பார்த்தோம். எங்கள் பக்கத்துக் கடை சலூன்காரர் தொண்டை கிழியக் கோஷம் போட்டார். இரண்டு நாய்கள் வந்து கேட்டன. ஒன்று பாதியிலேயே தூங்கிவிட்டது.

நீரூற்றுக்கு மூளை யார் என்று கேட்டால் வெட்கக்கேடு. என் கூடப் பிறந்த தம்பி. நகராட்சி இன்ஜினியர். துணி மூட்டை மேல் படுத்து வளர்ந்தவன், அம்மாவின் சலவைக் கடை வருமானத்தில் படித்தவன். வேலை கிடைத்த நாளிலிருந்து அவன் பேச்சில் தரை 'சர்ஃபேஸ்' ஆகிவிட்டது, ஜனங்கள் 'யூசர்ஸ்' ஆகிவிட்டார்கள். வரைபடத்தைக் கொண்டுவந்து என் இஸ்திரி மேஜையில் விரித்துக் காட்டினான்.

"எப்படிக்கா இருக்கு?"

"உக்காரவும் விடல, நிக்கவும் விடல. ஜனங்க எங்கடா போவாங்க?"

"வருவாங்க, பாப்பாங்க, போட்டோ எடுப்பாங்க, போவாங்க. அதான்க்கா கான்செப்ட்."

கான்செப்டோடு நின்றிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். அந்த நீரூற்றுத் தொட்டியை நிரப்ப எங்கள் தெருவுக்கு வரும் குழாயில்தான் இணைப்புக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து எங்கள் தெருக் குழாய் காற்றைத்தான் விட்டது. வீட்டுக்காரர்களாவது லாரித் தண்ணீரைப் பிடித்துக் காலம் தள்ளினார்கள். அம்மாவுக்குப் பிறகு கடையை நடத்துகிறவள் நான். என் பிழைப்பே தண்ணீரில். பஸ் நிலையத்து லாட்ஜ் விரிப்புகள்தான் எங்கள் வீட்டு அடுப்பை எரிய வைக்கின்றன. அந்த விரிப்புகளைப் பார்த்தால் ஊரின் ஒழுக்கம் தெரிந்துவிடும். நான் எதையும் வெளியே சொல்வதில்லை, வெளுத்துக் கொடுத்துவிடுவேன்.

தம்பியிடம் கேட்டேன். "டெம்பரவரிதான்க்கா, திறப்பு விழா முடியட்டும்" என்றான். விழா தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது, ஏனென்றால் மந்திரிக்குத் தேதி கிடைக்கவில்லை. நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். "உன் தண்ணி ஆடுற ஆட்டத்துக்கு என் அடுப்பு அணையணுமாடா?" என்று கேட்டேன். அவன் போனவன்தான், கடைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. எங்கள் குடும்பத்தில் ரோஷத்துக்கு மட்டும் என்றைக்கும் பஞ்சமில்லை.

கடைசியில் மந்திரிக்குத் தேதி கிடைத்தது. விழா நாள் காலையில் லாட்ஜ் மேனேஜர் போன் செய்தார். அவர் காலரில் எப்போதும் தலைச்சாயக் கறை இருக்கும். அதை எடுத்துக் கொடுத்து எடுத்துக் கொடுத்தே எனக்கு வயசாகிவிட்டது.

"இந்தாம்மா, மந்திரியோட ஆளுங்க பூரா நம்ம லாட்ஜுலதான் தங்குறாங்க. சாயங்காலத்துக்குள்ள விரிப்பு வந்தாகணும். வரலன்னா நாளையிலேர்ந்து மெஷின் கம்பெனிக்குக் குடுத்துடுவேன். என் முதலாளி சொல்லிட்டாரு."

"தண்ணி இல்ல சார்."

"அவங்க கிட்ட இருக்கே" என்றார்.

மெஷின் கம்பெனி ஊர்க்கோடியில் சொந்தமாக ஆழ்குழாய் போட்டு வைத்திருந்தது. ஏற்கனவே பள்ளி விடுதித் துணியும் ஆஸ்பத்திரித் துணியும் அங்கே போய்விட்டன. லாட்ஜும் போனால் நான் கடையை மூட வேண்டியதுதான். மூலையில் மலை போல் குவிந்திருந்த அழுக்கு விரிப்புகளைப் பார்த்தேன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"என்னங்க, வண்டியை எடுங்க" என்றேன் என் வீட்டுக்காரரிடம். அவர் இஸ்திரிப் பெட்டியைப் போலவே அமைதியானவர், சூடானால் தெரியாது. "எங்க?" என்று மட்டும் கேட்டார்.

"கமிஷனர் வாசலுக்கு. அத்தனை அழுக்கையும் அங்க கொட்டிட்டு மேல ஏறி உக்காரப் போறேன். மந்திரி வந்து என்னைத் திறந்து வைக்கட்டும்."

தள்ளுவண்டி கிளம்பியது. சலூன்காரர் சவரம் செய்துகொண்டிருந்த ஆளை ஒரு கன்னத்து நுரையோடு விட்டுவிட்டுக் கூடவே வந்தார். தெருப் பெண்கள் காலிக் குடத்தோடு சேர்ந்துகொண்டார்கள். நுரைக் கன்னத்து ஆளும் வேறு வழியில்லாமல் பின்னால் வந்தார்.

சதுக்கம் விழாவுக்கு மினுக்கிக்கொண்டு நின்றது. விளக்குக் கம்பங்களுக்கு நடுவே அலங்காரக் கொடிக் கயிறு. ஓரத்தில் மேடை. போலீஸ்காரர்கள் இரும்புத் தடுப்பை இன்னும் சாத்தி முடிக்கவில்லை. அதற்குள் நாங்கள் உள்ளே நுழைந்து, கல்லின் நடுவில் விரிப்புகளைக் கொட்டிவிட்டோம். சலூன்காரர் நெஞ்சை நிமிர்த்தி, "தண்ணி எங்கே?" என்று ஆரம்பித்தார்.

மாடி ஜன்னலில் கமிஷனர் தலை தெரிந்தது. வயர்லெஸ்ஸில் யாரிடமோ ஏதோ சொன்னார். சதுக்கத்தின் ஓரத்தில் படிக்கட்டு இறங்கிப் போகும் மோட்டார் அறை இருக்கிறது; உள்ளே என் தம்பி. அவர் சொன்னார், இவன் பட்டனைத் தட்டினான்.

தரை முழுக்கத் தண்ணீர் கிளம்பியது. எங்கள் பாவாடைக்குள்ளும் கிளம்பியது, மானத்தைப் பற்றி நகராட்சிக்கு என்ன கவலை. "தண்ணி எங்கே?" என்று கேட்ட சலூன்காரர்தான் முதலில் ஓடினார். அவர் கேட்டதற்கு இவ்வளவு விரைவாகப் பதில் கிடைத்தது வாழ்க்கையிலேயே இதுதான் முதல்முறை. குடங்கள் உருண்டன. எல்லோரும் ஓரத்துக்கு ஓடினார்கள்.

நான் ஓடவில்லை. வீரத்தால் அல்ல. அழுக்கு விரிப்பு நனைந்துவிட்டது. நனைந்த அழுக்கை அப்படியே போட்டு வைத்தால் கறை உள்ளே இறங்கிவிடும், அப்புறம் கடவுளே வந்தாலும் எடுக்க முடியாது. ஒரு காரியமாக வந்தோம், போராட வந்தோம் என்பதெல்லாம் அந்த நிமிஷம் எனக்கு மறந்தே போய்விட்டது. என் கை தானாக வண்டிக்குப் போனது. வண்டியில் சோப்புப் பெட்டியும் பிளீச்சிங் பவுடரும் எப்போதும் இருக்கும். ஒரு விரிப்பை இழுத்துப் போட்டு, சோப்பைத் தேய்த்து, காலால் மிதிக்க ஆரம்பித்தேன்.

என் வீட்டுக்காரர் கேட்டார், "ஏய், என்ன பண்ற?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. "முழுக்க நனைஞ்சாச்சு, இனி முக்காடு எதுக்கு? நீங்களும் மிதிங்க!"

சும்மா சொல்லக் கூடாது, தம்பி நல்ல கல்லாகப் பார்த்துத்தான் போட்டிருந்தான். நானும் எத்தனையோ கல்லில் துவைத்திருக்கிறேன், இப்படி ஒரு கல்லைப் பார்த்ததில்லை. வழுக்காது, துணியைக் கடிக்காது. சலவைக் கடைக்காரன் ரத்தம் எங்கே போகும்! நான் மிதிப்பதைப் பார்த்து ஓடியவர்கள் திரும்பி வந்தார்கள். ஒருத்தி குடத்தைப் பிடித்தாள். ஒருத்தி வீட்டுக்கு ஓடிப்போய்த் தன் வீட்டு அழுக்கு மூட்டையைக் கொண்டு வந்தாள். நுரைக் கன்னத்து ஆள் குனிந்து முகத்தைக் கழுவிக்கொண்டார். கமிஷனர் ஜன்னலைச் சாத்தினார், மறுபடி திறந்தார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். பாக்கெட்டில் பேனா கசிந்த கறை, பழசு. "ஏம்மா, இங்க கூட்டம் போடக் கூடாது, கோஷம் போடக் கூடாது. போர்டு வெச்சிருக்குல்ல?"

"கோஷமா? யாராவது வாயைத் திறந்தோமா சார்? துணி துவைக்கிறோம்."

போர்டைப் போய்ப் படித்துப் பார்த்தார். கொடி பிடிக்கக் கூடாது, பந்தல் போடக் கூடாது, ஒலிபெருக்கி கூடாது, படுக்கக் கூடாது. துவைக்கக் கூடாது என்று எழுத எவனுக்கும் தோன்றியிருக்கவில்லை. திரும்பி வந்தார். "அந்தப் பேனாக் கறை போகும் சார், நாளைக்குக் கடைக்கு அனுப்புங்க" என்றேன். அவர் பாக்கெட்டைக் கையால் மறைத்துக்கொண்டு, தன் ஆட்களைத் தடுப்பு பக்கம் போகச் சொன்னார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. விரிப்பு முழுவதுக்கும் பிளீச் போட்டாகிவிட்டது. லாட்ஜ் விரிப்பு பிளீச் இல்லாமல் வெளுக்காது, காரணத்தை நான் சொல்லப் போவதில்லை. இனி அலசினால் முடிந்தது. அப்போது ஊற்றில் நுரை வர ஆரம்பித்தது.

எனக்கு எங்கே தெரியும்? அந்த நீரூற்று பீய்ச்சுகிற தண்ணீர் துளை வழியாகத் திரும்ப உள்ளே போய், தொட்டியில் விழுந்து, மறுபடி அதே தண்ணீர்தான் மேலே வருமாம். நாங்கள் கரைத்த சோப்பு முழுக்க உள்ளே போய் மோட்டாரில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நுரையாக எழும்பியது. ஆள் உயரத்துக்கு நுரை. பிள்ளைகள் கத்திக்கொண்டு அதற்குள் புகுந்தார்கள். மேடையில் மைக் கட்டிக்கொண்டிருந்தவன் வேலையை விட்டுவிட்டு போட்டோ எடுத்தான். எல்லோரும் சிரித்தார்கள். நான் விரிப்புகளைப் பார்த்தேன்.

சோப்புத் தண்ணீரில் எப்படி அலசுவது? வெயிலோ மண்டையைப் பிளக்கிறது. பிளீச்சோடு துணி வெயிலில் கிடந்தால் சாயங்காலத்துக்குள் நூல் இற்றுவிடும், மடிக்கும்போதே கிழியும். விரிப்பும் போகும், லாட்ஜும் போகும், கடையும் போகும். அம்மாவின் கடையை நானே என் கையால் கமிஷனர் வாசலில் கொன்று போட்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

மோட்டார் அறைப் படிக்கட்டில் இறங்கி ஓடினேன். இரும்புக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. அடித்தேன்.

"சின்னவனே! டேய்! நல்ல தண்ணி விடுடா!"

உள்ளே வயர்லெஸ்ஸில் கமிஷனர் குரல் கரகரவென்று கேட்டது. "நிறுத்துய்யா! உடனே நிறுத்து! மந்திரி வர நேரத்துல நுரை தள்ளிக்கிட்டு இருக்கு!"

"பிளீச் போட்டுட்டேன்டா! அலசணும்!"

மோட்டார் நின்றது.

மேலே ஏறி வந்தேன். ஊற்று முழுக்க அடங்கிக் கிடந்தது. நுரை ஒவ்வொன்றாக உடைந்துகொண்டிருந்தது. சிரித்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் அவனைப் பெற்ற வயிற்றையே திட்டப் போனேன்; அது என்னையும் பெற்ற வயிறு என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டேன். "விடு தங்கச்சி. அவன் சம்பளக்காரன், வேற என்ன செய்வான்?" என்றார் சலூன்காரர். அவர் சொன்னது நியாயம்தான். நியாயத்தை வைத்துக்கொண்டு துணி அலச முடியாது.

கல்லுக்கு அடியில் ஏதோ கடகடவென்று சத்தம் கேட்டது. ஓரத்துச் சாக்கடையில் வெள்ளை வெள்ளையாகச் சோப்புத் தண்ணீர் ஓடத் தொடங்கியது. யாரோ தொட்டியைக் காலி செய்கிறார்கள். சத்தம் நின்றது. பிறகு துளைகளிலிருந்து தண்ணீர் வந்தது. பீய்ச்சி அடிக்கவில்லை, உயரமாக எழும்பவில்லை. முழங்கால் உயரத்துக்கு, ஊற்றிக் கொடுக்கிற மாதிரி வந்தது. கையில் ஏந்திப் பார்த்தேன். எங்கள் தெருக் குழாயின் தண்ணீர், கண்ணாடி போல.

"அலசுங்கடி!" என்று நான் போட்ட சத்தம்தான் அன்றைக்கு அந்தச் சதுக்கத்தில் போட்ட பெரிய கோஷம்.

வயர்லெஸ் கத்துவது படிக்கட்டு வழியாக மேலே வரை கேட்டது. தண்ணீர் நிற்கவில்லை. முதல் அலசு, இரண்டாம் அலசு. முறுக்கிப் பிழிய ஆண்கள் இந்த முனையில், பெண்கள் அந்த முனையில். கடைசி விரிப்பையும் பிழிந்து முடித்த பிறகு, யாரும் சொல்லாமலே தண்ணீர் நின்றது.

பிழிந்ததைக் காயப்போட வேண்டுமே. அலங்காரக் கயிறு இருந்தது. போலீஸ் தடுப்பு இருந்தது. தோள் உரசாமல் இருக்க வைத்த அந்த இரும்புத் தடுப்புகள் தலையணை உறைக்கென்றே அளவெடுத்தவை போல இருந்தன. எங்கள் ஊரில் எத்தனையோ போராட்டம் நடந்திருக்கிறது, யாரும் அந்த இடத்தை இப்படி மூலை விடாமல் பிடித்ததில்லை. விரிப்புகளுக்கு நடுவே மேடையே தெரியவில்லை.

கமிஷனர் இறங்கி வந்தார். சட்டை வெள்ளை வெளேரென்று இருந்தது. மெஷின் கம்பெனி வெளுப்பு, மடிப்பில் உயிர் இல்லை.

"ஏம்மா, மந்திரி வரார். எடுங்க இதையெல்லாம்."

"காயட்டும் சார். ஈரத் துணியை மடிச்சா முடை நாத்தம் வரும்."

"எப்ப காயும்?"

"வெயில் கையில இருக்கு. ஆனா சீக்கிரம் எடுக்கணும்னா வீட்டுல காயப்போடலாம். வீட்டுல காயப்போடணும்னா வீட்டுல துவைச்சிருக்கணும். வீட்டுல துவைக்கணும்னா..."

"புரியுது புரியுது" என்றார். வாட்சைப் பார்த்தார். "நாளைக்கு லைனைத் திறந்து விடச் சொல்றேன்."

"நாளைக்கு வந்து எடுத்துக்கிறேன்."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். கண்ணை மூடித் திறந்தார். படிக்கட்டுப் பக்கம் திரும்பி, "திறந்து விடுய்யா!" என்று கத்தினார். என் வீட்டுக்காரரைக் கடைக்கு அனுப்பினேன். எல்லோரும் நின்றோம். கமிஷனரும் நின்றார். அவர் கட்டிய சதுக்கத்தில் அவருக்கே உட்கார வசதியில்லை, பெஞ்சில் எல்லாம் தலையணை உறை. போன் வந்தது.

"வந்துடுச்சு" என்றார் என் வீட்டுக்காரர். "செம்மண் கலர்ல வருது. ஆனா வருது."

இனி எடுக்கலாம் என்று சொன்னேன். பாதி காய்ந்திருந்தது, மீதியை இஸ்திரிப் பெட்டி பார்த்துக்கொள்ளும். லாட்ஜுக்குச் சாயங்காலத்துக்குள் போய்விடும். பெண்கள் மடிக்கத் தொடங்கினார்கள். அப்போதுதான் என் தம்பி படியேறி மேலே வந்தான். தலையிலிருந்து கால் வரை நனைந்திருந்தான். குழாயை மாற்றும்போது உள்ளே ஏதோ பீறிட்டிருக்க வேண்டும். சட்டையில் கிரீஸ். காலரைப் பார்த்தேன், வேறு யாரோ அரைகுறையாகத் துவைத்திருந்தார்கள்.

என்னிடம் தோற்ற கமிஷனருக்கு வேறு ஆள் வேண்டியிருந்தது. அவனைப் பிடித்துக்கொண்டார்.

"நான் நிறுத்தச் சொன்னேன். காதுல விழல?"

பொய் சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். சின்ன வயசிலிருந்தே பொய்யில் கெட்டிக்காரன். மோட்டார் பழுது, வால்வு மாட்டிக்கொண்டது, வயர்லெஸ் கேட்கவில்லை, எதையாவது சொன்னால் வேலை தப்பிக்கும். சொல்லுடா, சொல்லித் தொலைடா என்று எனக்கு உள்ளே அடித்துக்கொண்டது. கடையைப் பற்றிய நினைப்பே போய்விட்டது.

"விழுந்துச்சு சார்" என்றான்.

"அப்புறம்?"

"பிளீச் போட்டிருந்துச்சு சார்."

கமிஷனருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைப் பார்த்தார், மடித்த விரிப்புகளைப் பார்த்தார், மறுபடி அவனைப் பார்த்தார். "அதனால?"

இவ்வளவு படித்த மனிதருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பது போல என் தம்பி அவரைப் பார்த்தான். ஈரக் கையை ஈரச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டான்.

"அலசாம விட்டா துணி இத்துப் போயிடும் சார்."